கிண்ணத்தில் உட்காராத பலூன்

இந்த ரப்பர் நாற்றம் என் பையிலிருந்துதான் வருகிறது, அக்கா. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்ப வேண்டியதில்லை, நேராகவே கேட்டிருக்கலாம். செத்த எலி இல்லை. பலூன். திருவிழா பலூன் இல்லை, ஜீப் பலூன். பெரிய பஸ்களில் சக்கரத்துக்குப் பக்கத்தில் இரண்டு இட்லியை அடுக்கி வைத்ததுபோல் கறுப்பாக ஒன்று காற்றடைத்து இருக்குமே, அதன் தம்பி இது. தம்பிக்கு விலாவில் கிழிசல். இதோ, விரலை விட்டுப் பாருங்கள். வேண்டாமா? சரி.

மேலே வைக்கச் சொல்லித்தான் கண்டக்டர் வத்தலக்குண்டில் அத்தனை சத்தம் போட்டார். எட்டு கிலோ, மேலே வைத்தால் ஒட்டன்சத்திரம் வளைவில் யார் தலையில் விழும் என்று நான் கேட்டேன். பதில் இல்லாதவர்கள்தான் சத்தம் போடுவார்கள், கவனித்திருக்கிறீர்களா? நான் கவனித்திருக்கிறேன். நாலு வருஷமாக மெக்கானிக்கல் வகுப்பில் ஐம்பத்தெட்டு பையன்களோடு உட்கார்ந்திருக்கிறேன், கவனிக்காமல் எப்படி?

பெயர் மதுரவாணி. வைத்தவர்கள் என் குரலைக் கேட்பதற்கு முன்னாலேயே வைத்துவிட்டார்கள், அவர்கள் மேல் தப்பில்லை.

மடியில் இருக்கிற இந்தப் பொட்டலமா? இது அத்தை வீட்டிலிருந்து. பலாக்கொட்டையோ என்னவோ. கார்மேகம் கடைசி நிமிஷத்தில் ஜன்னல் வழியாகத் திணித்து, "லேத்துக்குப் போனதும்..." என்று ஏதோ சொன்னான். நான் கண்டக்டரோடு பேசிக்கொண்டிருந்தேன், சரியாகக் கேட்கவில்லை. கனமாகத்தான் இருக்கிறது. அத்தைக்கு அளவு தெரியாது.

கார்மேகம் என் அத்தை மகன். முறைப்படி மச்சான் என்று கூப்பிட வேண்டுமாம், நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். நீங்கள் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், அந்தப் பார்வையெல்லாம் வேண்டாம். பத்தாவதில் கணக்கில் ஃபெயிலானவன். தாண்டிக்குடிக்கு மேலே மூங்கிப்பள்ளம் என்று ஓர் ஊர். தார் ரோடு முடிகிற இடத்தில் பள்ளிக்கூடம், அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் பாறையும் பள்ளமும், அதற்கப்புறம் ஊர். அந்த ஆறு கிலோமீட்டருக்கு ஜீப்தான். ஊரில் இரண்டே ஜீப். ஒன்று சூசை அண்ணனுடையது, அது ஜீப் இல்லை, உரல். இன்னொன்று கார்மேகத்தினுடையது.

இந்த வருஷம் ஊர்ப் பிள்ளைகள் பதினான்கு பேரையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொண்டுவர ஒரு ஜீப் வைப்பது என்று பெற்றோர் கூட்டத்தில் முடிவு செய்தார்கள். எந்த ஜீப் என்று ஸ்டெல்லா டீச்சர்தான் சொல்ல வேண்டும். தலைமை ஆசிரியை. கறாரான மனுஷி. "எதுல புள்ளைங்க வாந்தி எடுக்காம, தலையில அடிபடாம வருதோ, அந்த ஜீப்பு" என்றுவிட்டார். கார்மேகத்துக்கு அது கிடைத்தால் ஊரில் இருப்பான். கிடைக்காவிட்டால் ஜீப்பைத் தள்ளிவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவான். அத்தை தனியாகக் காப்பித் தோட்டத்தில் கிடப்பாள். எனக்கென்ன வந்தது? ஒன்றும் இல்லை. எனக்குக் கடைசி வருஷ புராஜெக்ட் வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் சாரிடம் போய்ச் சொன்னேன், மலை ஜீப்புக்குப் பின்பக்க ஏர் சஸ்பென்ஷன் என்று. அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "ஏம்மா, வெயில்ல எதுக்கு? கம்ப்யூட்டர்ல ஏதாவது அழகா பண்ணேன்" என்றார். அழகாக! பையன்கள் நாலு பேர் பழைய பைக்கை அறுத்து ஒட்டிக்கொண்டு வந்தால் அது இன்னோவேஷன், நான் வந்தால் வெயில். அன்றைக்கே முடிவு செய்தேன், இதைத்தான் செய்வது என்று.

விஷயம் சின்னது, உங்களுக்கே புரியும். பாறையில் வயிறு இடிக்கிறது என்று கார்மேகம் ஜீப்பை நாலு அங்குலம் தூக்கிக் கட்டியிருக்கிறான். தூக்கிய ஜீப்பில் ஆள் ஏறினால் பின்பக்கம் அமுங்கும், குலுக்கும். அதற்காகப் பின் அச்சுக்கும் சேஸுக்கும், அதாவது ஜீப்பின் அடிச்சட்டத்துக்கும், நடுவில் பக்கத்துக்கு ஒரு பலூன். மேல் பக்கம் சேஸில் போல்ட் போட்டாயிற்று. கீழ்ப் பக்கம் அச்சின்மேல் இரும்புக் கிண்ணம் ஒன்று வைத்து, அதில் பலூன் சும்மா உட்கார்ந்திருக்கும். கீழேயும் போல்ட் போட முடியாது. தூக்கிய ஜீப் இல்லையா, சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது அச்சு ரொம்பக் கீழே போகும், இரண்டு பக்கமும் கட்டினால் பலூன் இழுபட்டுக் கிழிந்துவிடும். சும்மா உட்கார வைத்தால் என்ன கஷ்டம் என்றால், அச்சு கீழே போகும்போது பலூன் கிண்ணத்தைவிட்டு எழும்பிவிடும். திரும்பி வரும்போது கிண்ணத்துக்குள்ளேயே வந்து உட்கார வேண்டும். விளிம்பில் உட்கார்ந்தால் தீர்ந்தது.

ஆக, அச்சை ரொம்பக் கீழே போகவிடாமல் பிடிக்க வேண்டும். நைலான் வார், லாரிக்காரர்கள் சரக்கு கட்டுகிற மாதிரி. எவ்வளவு நீளம் என்று கல்லூரிப் பட்டறையில் ஜீப்பை ஏற்றி, சக்கரம் இரண்டையும் தொங்கவிட்டு, அளந்து, கணக்குப் போட்டு, அச்சுக்கு நடுவில் ஒரு வார் கட்டினேன். ஒன்றே ஒன்று. எளிமைதான் இன்ஜினியரிங்.

அதற்கு இவன் என்ன சொல்கிறான்? ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, பீடி வேறு. "ஏ வாணி, ரெண்டு சக்கரமும் ஒண்ணா தொங்குனா உன் வாரு பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் தொங்குனா? நடுவுல பிடிச்ச காவடி ஒரு பக்கம் சாயாதா?"

நான் சொன்னேன், "ஆள் உட்கார்ந்தா அந்த எடைக்கு அவ்வளவு சாயாது. கணக்கு இருக்கு. காட்டட்டுமா?"

"கணக்கு உன்கிட்ட இருக்கட்டும். கிண்ணத்துக்கு நடுவுல புனலைக் கவுத்து வெச்ச மாதிரி ஒண்ண வெச்சிரு. பலூனுக்கு அடியில நடுவுல காத்துப் போகாத ஓட்டை ஒண்ணு குழிவா இருக்குல்ல? எவ்வளவு எழும்புனாலும் அதப் பிடிச்சே எறங்கி வந்து உக்காந்துக்கிடும்."

புனல்! நான்கு வருஷம் படித்துவிட்டு நான் புனல் வைக்க வேண்டும். "எண்ணெய்க் கடை வைக்கலை, கார்மேகம், ஜீப் செய்யறோம்" என்றேன். பட்டறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மானம் இருக்கிறவன் சிரிப்பானா?

இப்போது பாறைக்கு வருகிறேன். கதையே அங்கேதான்.

நாலாவது கிலோமீட்டரில் இறக்குப்பாறை என்று ஓர் இடம். பாறைக்கு மேல் ஒரு கருப்பசாமி. அவரை யாரும் வண்டியில் உட்கார்ந்தபடி கடக்கக் கூடாதாம். கிழவியோ கைக்குழந்தையோ எல்லாரும் பாறைக்குக் கீழேயே இறங்கி, ஒற்றையடிப் படியில் நாற்பது எட்டு நடந்து, மேலே போய்த் திருநீறு பூசிக்கொண்டு நிற்பார்கள். டிரைவர் மட்டும் காலி ஜீப்பை ஏற்றிக்கொண்டு வருவான். அப்புறம் எல்லாரும் ஏறிக்கொள்வார்கள். ஏன் என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தர் கேட்டதில்லை. நான் கேட்டேன். "சாமி" என்றார்கள். சாமி என்ன டிராஃபிக் போலீஸா?

எனக்கு இந்த மூடத்தனம் ஆகாது. சோதனைக்காகப் பத்து நடை ஏறினோம், மே மாசம் முழுக்க. பின்னால் ஆறு மணல் மூட்டை, பிள்ளைகள் எடைக்கு. இறக்குப்பாறை வந்ததும் கார்மேகம் நிறுத்தி, "எறங்கு" என்பான். "மாட்டேன்" என்பேன். "சாமிக்கு வேணாம், எனக்காக எறங்கு. ஒரு தடவ பின்னாடி நின்னு பாரு. காலி வண்டி ஏறும்போது பலூனு என்ன பண்ணுதுன்னு பாரு." எனக்குத் தெரியாதா இந்தத் தந்திரம்? முதலில் பலூனைப் பார்க்க இறங்கு என்பார்கள், அப்புறம் திருநீறு வைப்பார்கள். நான் இறங்கவே இல்லை. இடது பலூனுக்கு நேர் மேலே, சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, பத்து நடையும் உட்கார்ந்தேன். பத்து நடையும் பலூன் அசையவில்லை! பத்துக்குப் பத்து. நானே மேலே உட்கார்ந்து சோதித்தது, பொய்யா சொல்கிறேன்?

ஒரு நாள் எரிச்சலில் சொன்னான், "மனுசன் எறங்குவான், மூட்டை எறங்காது, வாணி. உன் மணல் மூட்டை திருநீறு பூசப் போகுமா?"

இதெல்லாம் ஒரு வாதமா, அக்கா? ஒரு கேலியை வாதம் என்று எடுத்துக்கொண்டால் விஞ்ஞானம் எங்கே போகும்? நான் நோட்டில் எழுதவே இல்லை. அவன் மட்டும் ஒரு நாள் நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது தனியாக ஜீப்பை எடுத்துக்கொண்டு போய், சூசை அண்ணனை ஓட்டச் சொல்லிவிட்டு, பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து என்னவோ பார்த்துவிட்டு வந்தானாம். அத்தை சொன்னாள். எதிராளி கையில் ஜீப்பைக் கொடுக்கிறான், இவனை என்ன சொல்வது!

நேற்று வியாழக்கிழமை. ஸ்டெல்லா டீச்சரின் வெள்ளோட்டம். பதினான்கு பிள்ளைகள், டீச்சர், நான். முதல் மூன்று கிலோமீட்டர் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பள்ளத்தில் இறங்கி ஏறினால் பாயில் உருண்டது மாதிரி இருந்தது. ஒரு வாலு, இரண்டாம் வகுப்பு, "டீச்சர், நம்ம ஜீப்பு மெத்து மெத்துன்னு இருக்கு" என்றான். சூசை ஜீப்பில் அதே இடத்தில் முந்தின நாள் வெள்ளோட்டத்தில் மூன்று பேர் வாந்தி எடுத்தார்கள். டீச்சர் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை அப்படியே எங்கள் சார் மேஜையில் கொண்டுபோய் வைக்க வேண்டும் போலிருந்தது.

இறக்குப்பாறை வந்தது. பிள்ளைகள் புறா மாதிரி குதித்து இறங்கிவிட்டன. டீச்சரும் இறங்கினார். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், கருப்பசாமிக்கு அவர் எதற்கு இறங்க வேண்டும்? கேட்டேன். "சாமிக்கு இல்லம்மா, எல்லாரும் எறங்குறாங்க, எறங்குறேன்" என்றார். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

"நீ என்ன?"

"நான் இறங்கறதில்லை, மேடம். கொள்கை."

"ரெண்டாங்கிளாஸ் புள்ள எறங்கி நடக்குது, நீ என்ன மகாராணியா? எறங்கு."

கையைப் பிடித்தே இறக்கிவிட்டார். பதினான்கு பிள்ளைகளுக்கு முன்னால். என்ன செய்வது, பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நிற்கின்றன. படியில் ஏறினேன். திருநீறை மட்டும் பூசவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.

காலி ஜீப் உறுமிக்கொண்டு வந்தது. பாறை நடுவில் இருக்கிற பெரிய குழியில் இடது பின்சக்கரம் இறங்கி, அந்தரத்தில் தொங்கி, மேலே வந்திருக்க வேண்டும். எனக்கு வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லை, மேலே நின்றால் ஜீப்பின் மூஞ்சிதான் தெரியும். கார்மேகம் இறங்கி அடியில் பார்க்கக் குனிந்தான். அதற்குள் நான், "எல்லாம் சரியாத்தான் இருக்கும், நேரமாச்சு, ஏறுங்க, ஏறுங்க" என்று பிள்ளைகளை ஏற்றிவிட்டேன். பின்னே, டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஏழாவது பிள்ளையோ எட்டாவது பிள்ளையோ ஏறும்போது 'டப்' என்று ஒரு சத்தம். அப்புறம் பாம்பு சீறினது மாதிரி. ஜீப் இடது பக்கம் மண்டி போட்ட மாடு மாதிரி சாய்ந்தது. பிள்ளைகள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்தன. யாருக்கும் அடி இல்லை. அந்த மெத்து மெத்துப் பயல் மட்டும் அழுதான்.

பலூன் கிண்ணத்தின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. அதன்மேல் எட்டுப் பிள்ளைகள் எடை. கிழியாமல் என்ன செய்யும்?

இப்போது நீங்களே சொல்லுங்கள், யார் தப்பு? அன்றைக்கு மட்டும் நான் இறங்காமல் இருந்திருந்தால் பலூன் எழும்பியே இருக்காது! பத்து நடை ஒழுங்காக உட்கார்ந்த பலூன் பதினொன்றாவது நடையில் எழும்புகிறது என்றால், பதினொன்றாவது நடையில் என்ன மாறியது? டீச்சர் என்னை இறக்கிவிட்டார். அதுதான் மாறியது. இதை நான் அங்கேயே, பாறை மேலேயே நின்று டீச்சரிடம் சொன்னேன்.

"அப்ப தினமும் நீ வந்து பலூன் மேல உக்காருவியா?" என்று கேட்டார்.

பேச்சை எப்படித் திருப்புகிறார் பாருங்கள்.

கார்மேகம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "நான் அப்பவே சொன்னேன்" என்று சொன்னால் பதிலுக்கு நாலு கேள்வி வைத்திருந்தேன். அவனோ அழுகிற பயலைத் தோளில் தூக்கிக்கொண்டு, மீதி இரண்டு கிலோமீட்டர் பிள்ளைகளோடு நடந்தான். டீச்சர் போகும்போது சொல்லிவிட்டுப் போனார்: "திங்கக்கிழம இன்னொரு தடவ பாக்கறேன். மெத்துனு இருக்கிறது நெசந்தான். ஆனா அன்னிக்கும் பலூனு உக்காரலேன்னா சூசை ஜீப்பு. அப்புறம் என்கிட்ட வரக்கூடாது."

சாயங்காலம் அத்தை அவன் சட்டைகளை மடித்து ஒரு பையில் வைத்துக்கொண்டிருந்தாள். திருப்பூருக்கா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இந்தக் குடும்பத்தில் யாருக்குமே வாயைத் திறந்து வாதம் செய்யத் தெரியாது, அக்கா. அதுதான் இவர்களோடு பெரிய தொல்லை.

ஆனால் நான் விடுகிற ஆள் இல்லை. இன்று காலையில் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டு நின்றேன். வடைக்காரர் எண்ணெய் ஊற்றிவிட்டுப் புனலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அவ்வளவுதான், பளிச்சென்று மண்டையில் அடித்தது. கூம்பு! கிண்ணத்துக்கு நடுவில் ஒரு கூம்பு வைத்தால்? பலூன் அடியில் ஓட்டை இருக்கிறது, கூம்பின் முனை அதற்குள் இருக்கும், பலூன் எழும்பினாலும் கூம்பைப் பிடித்துக்கொண்டே இறங்கி, தானாக நடுவில் வந்து உட்கார்ந்துவிடும். யாருக்கும் தோன்றாதது. டீ ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. பஸ் ஏறினதும் நோட்டில் வரைந்துவிட்டேன், பாருங்கள், இதுதான். உயரம் மூன்று அங்குலம். சிங்காநல்லூரில் இறங்கி நேராக லேத் பட்டறை, நாளைக்குள் கடைந்து வாங்கி, புது பலூனோடு ஞாயிற்றுக்கிழமை மலை ஏறிவிடுவேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? என்ன, புனலா? அவனா? அவன் சொன்னது புனல், அக்கா. நான் சொல்வது கூம்பு. அவன் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னான், நான் வரைந்திருக்கிறேன். இரண்டும் ஒன்றா?

பல்லடம் தாண்டிவிட்டோமா? பசிக்கிறது. இந்தப் பொட்டலத்தைப் பிரிக்கலாம், உங்களுக்கும் பலாக்கொட்டை தருகிறேன். என்ன கயிறு இது, இத்தனை முடிச்சு. பேப்பரும் பழசு, மே மாசத்துப் பேப்பர்...

பலாக்கொட்டை இல்லை.

மரம். சவுக்கோ என்னவோ, வழவழவென்று தேய்த்து... கூம்பு. அடிப்பக்கம் கிண்ணத்தின் அளவுக்கே இருக்கிறது. என் கூம்பு! இன்று காலையில் எனக்குத் தோன்றியது இவனுக்கு எப்படி... ஒரு வேளை நேற்றே நான் ஏதாவது சொல்லியிருப்பேன். தூக்கத்தில்கூடச் சொல்லியிருக்கலாம். பேப்பர் தேதியை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது, அத்தை வீட்டில் எல்லாப் பேப்பரும் பழசுதான்.

இருங்கள், கூம்பின் பக்கவாட்டில் பென்சிலால் என்னவோ எழுதியிருக்கிறான். 'பாறையில் எழும்புவது ஆறு விரல்.' விரல்! யாருடைய விரல்? இந்தக் காலத்தில் விரலால் அளக்கிறான், அக்கா. கூம்பின் உயரத்தில் என் விரலை அடுக்கினால் ஏழுக்கு மேல் வருகிறது. நோட்டில் ஸ்கேல் இருக்கிறது, பிடியுங்கள் இந்த முனையை. அவன் கை தடியானது. ஆறு விரல்... ஐந்து அங்குலம். கிட்டத்தட்ட.

நான் மூன்று போட்டிருக்கிறேன்.

மூன்று அங்குலக் கூம்பில் பலூன் ஐந்து அங்குலம் எழும்பினால் முனையைத் தாண்டிப் போய்விடும். மறுபடியும் விளிம்பில்தான் உட்காரும். திங்கட்கிழமை. பிள்ளைகளோடு.

இல்லை அக்கா, அவன் சொன்னதற்காக இல்லை. எங்கள் பாடத்தில் பாதுகாப்புக் காரணி என்று ஒன்று உண்டு. வந்த விடையை அதனால் பெருக்கிக்கொள்ள வேண்டும். நான் இன்னும் பெருக்கவில்லை, பெருக்கத்தான் இருந்தேன். பெருக்கினால் ஐந்துக்கு மேல் கொஞ்சம் வரும். பார்த்தீர்களா, என் கணக்குப்படியும் சரியாக வருகிறது. இந்த மரத்தையும் லேத்காரரிடம் காட்டிவிடலாம், சும்மா மாதிரிக்கு.

சிங்காநல்லூர் வந்துவிட்டது, கண்டக்டர் என்னைத்தான் முறைக்கிறார். அக்கா, இந்தப் பலூனைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறீர்களா? இல்லை, இதை வேண்டாம், கூம்பு என் கையிலேயே இருக்கட்டும். உங்களிடம் பேனா இருக்கிறதா? சீக்கிரம் கொடுங்கள். இறங்குவதற்குள் மூன்றை ஐந்தாக்க வேண்டும்.